மூன்றாம் ஓலைக்குப் போன பெண்

1

ஊரில் எல்லோரும் நலமா என்று கேட்டுத் தொடங்குவது ஊர்ச் சஞ்சிகைக்குக் கடிதம் எழுதுகிறவர்களின் வழக்கம். நான் கேட்கப்போவதில்லை. அடுத்த வீட்டுப் பெண்பிள்ளை என்ன குளிசை விழுங்குகிறாள் என்று ஆராய்கிற அளவுக்கு உங்களுக்கு நேரமும் தென்பும் இருக்கிறது. அப்படியென்றால் நலமாகத்தான் இருப்பீர்கள்.

நான் இருப்பது நோர்வேயின் வடக்கில், ஒரு மீன் தொழிற்சாலையை நம்பி வாழ்கிற சின்ன நகரத்தில். மன்னார்த் தீவின் கரையில் மீன் மணத்தோடு பிறந்து, அதிலிருந்து தப்பிப்பதாக நினைத்துப் புறப்பட்டு, இவ்வளவு தூரம் வந்து இங்கேயும் மீன்தான் வெட்டுகிறேன். என் கணவர் அதே தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறார். எங்களுக்கு ஒரே மகள், மெலனி. இருபத்து நான்கு வயது.

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தேன். ஊரில் அப்போது மத்தியானம். கைபேசி அடித்தது. உப்புக்குளத்தில் கடை வைத்திருக்கிற பரீதா, என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். பெருநாளுக்கும் நத்தாருக்கும் வாழ்த்துச் சொல்வதற்குத் தவிர அவள் எடுப்பதில்லை. எடுத்தவுடனேயே கேட்டாள்.

“எடி, உன்ட மகளிண்ட கலியாணத்துக்குத் தடை எண்டு கதைக்கிறாங்களே, உண்மையா?”

“என்ன தடை?”

“பிள்ளைக்கு மண்டைப் பிழையாம். கோயில்ல போய் ஆரோ சொல்லிட்டாங்களாம். சாமான் வாங்க வந்தவங்க எங்கட கடையில நிண்டு கதைக்கிறாங்க. நான் நல்லா ஏச்சுக் குடுத்துத்தான் அனுப்பினனான். ஆனா நீ வேற ஆரும் சொல்லிக் கேக்கிறதுக்கு முந்தி நான் சொல்லவேணும் எண்டு எடுத்தன்.”

அடுப்பை நிற்பாட்டினேன். இடியப்பத் தட்டை என்ன செய்தேன் என்று நினைவில்லை. பூசை முடிந்து சில மணி நேரத்துக்குள் கோயிலில் இருந்து கடைத்தெருவுக்கும் கடைத்தெருவில் இருந்து நோர்வேக்கும் கதை வந்து சேர்ந்துவிட்டது. நான் இங்கிருந்து அனுப்புகிற ஒரு சின்னப் பார்சல் உங்களிடம் வந்து சேர மாதக்கணக்கு ஆகிறது.

எங்கள் வேதத்தைச் சேராத வாசகர்களுக்காக ஒன்றை விளக்கவேண்டும். கத்தோலிக்கக் கலியாணத்துக்கு முன்னால் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் மணமுடிக்க இருக்கிறார்கள், இவர்களுக்குள் ஏதாவது விவாகத் தடை இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச் சுவாமிக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று சுவாமி வாசிப்பார். மாப்பிள்ளைக்கு ஏற்கனவே ஒரு மனைவி இருக்கிறாளா, இரண்டு பேரும் நெருங்கிய இரத்தமா என்று அறிவதற்காக வைத்த ஏற்பாடு அது. யாரும் எழும்பிப் போய் எதுவும் சொன்னதாக என் வாழ்நாளில் நான் கேள்விப்பட்டதில்லை. பெயர்களை வாசிப்பார்கள், கிழவிகள் தலையை ஆட்டுவார்கள், அதோடு சரி.

எங்கள் பக்கத்தில் இதோடு இன்னொரு பழக்கமும் உண்டு. ஓலை வாசிக்கிற ஞாயிறுகளில் பெண் அந்தப் பூசைக்குப் போகமாட்டாள். வெட்கமாம். ஊர் அவளைப் பற்றி விசாரிக்கும்போது அவள் மட்டும் அங்கே இருக்கக்கூடாதாம். இந்தப் பழக்கத்தைத் தொடக்கியவர் யாரென்று தெரியாது. பெண்ணாக இருந்திருக்கமாட்டார் என்று மட்டும் அடித்துச் சொல்வேன்.

மெலனியின் ஓலையை இங்கே, நோர்வேக் கோயிலிலும் மூன்று ஞாயிறு வாசித்தார்கள். சில போலந்துக் குடும்பங்களும் பிலிப்பைன்ஸ் தாதிமாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் ஒரு தடையும் தெரியவில்லை. எங்கள் ஊரில் இரண்டாம் ஓலையிலேயே தடை கிடைத்துவிட்டது.

2

மெலனிக்கு என்ன வருத்தம் என்று கோயில் வாசலில் நின்று கதைத்தீர்கள். நானே சொல்கிறேன், கேளுங்கள்.

அவள் தெற்கே ஒரு பெரிய நகரத்தில் தாதிப் படிப்புக்குச் சேர்ந்தாள். முதல் வருடம் நன்றாகப் போனது. இரண்டாம் வருடம் விரிவுரை நடக்கிற நேரத்தில் மலசலகூடத்துக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கத் தொடங்கினாள். ஆட்கள் நிறைந்த அறைக்குள் நுழைந்தால் நெஞ்சு அடிக்கும், மூச்சு எடுக்க முடியாது, கை நடுங்கும். ஒருநாள் படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நின்றாள். கடைக்கு அனுப்பினால் வெறுங்கையோடு திரும்பி வருவாள். “அம்மா, உள்ளுக்குப் போக ஏலாமக் கிடக்கு” என்பாள். பாண் வாங்கப் போன பிள்ளை கடைக் கதவில் கை வைத்துக்கொண்டு நிற்கிறது. அந்தக் கை நடுங்கியதைக் காருக்குள் இருந்து நான் பார்த்தேன்.

இங்குள்ள வைத்தியர் முதலில் குளிர்காலத்தின் மேல் பழி போட்டார். எங்கள் நகரத்தில் மாரியில் சூரியன் எழும்புவதில்லை. ஒரு விளக்கை வாங்கி அதன் முன்னால் குந்தச் சொன்னார். மீன் எண்ணெய் குடிக்கச் சொன்னார். மீன் எண்ணெயை யாருக்குச் சொல்கிறார் பாருங்கள். இரண்டாவது ஆள், ஒரு இளம் பெண், என்னை வெளியே அனுப்பிவிட்டு மெலனியிடம் தனியாகக் கேட்டாள்: அப்பா அடிப்பாரா? ஆரையாவது கட்டச் சொல்லி நெருக்குகிறார்களா? பேசாமல் இருக்கிற கறுத்தப் பெண்பிள்ளையைக் கண்டால் இவர்களுக்கு இந்த இரண்டு கேள்வியும் தயாராக இருக்கும். மெலனியின் அப்பா அவளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டவர். வீட்டில் கரப்பான் பூச்சியைக்கூட அவரால் அடிக்க முடியாது. அதை மெலனி சொன்னாளாம். அந்தப் பெண் எழுதிக்கொண்டாளாம், ஆனால் நம்பிய முகம் இல்லையாம்.

மூன்றாவதாகக் கிடைத்த வைத்தியர் கேள்வியைக் குறைத்துக் காதைக் கொடுத்தார். அவரிடம் அவள் சொன்னதில் கொஞ்சத்தை எனக்கும் பிறகு சொன்னாள். பள்ளிக்கூடத்தில் “எங்கிருந்து வந்தாய்” என்பார்களாம். இங்கேதான் பிறந்தேன் என்றால் “அது சரி, உண்மையாக எங்கிருந்து” என்பார்களாம். அதை அவள் பொறுத்துக்கொண்டாள். ஊருக்கு வந்தால் தன் ஆட்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பொறுத்தாள்.

அந்த ஊரில் அவளுக்கு என்ன கிடைத்தது? நாங்கள் வந்து இறங்கி, வாகனத்தில் இருந்து பெட்டி இறக்குவதற்கு முன்னரே தொடங்கிவிடுவீர்கள். “ஐயோ, கறுத்துப் போனாள்.” வெயிலே இல்லாத நாட்டில் இருந்து வருகிற பிள்ளை எப்படிக் கறுக்கும் என்று ஒருவர்கூட யோசிக்கவில்லை. அடுத்த முறை “நல்லா ஊதிப்போனாள்”. அதற்கு அடுத்த முறை “எலும்பும் தோலுமாக் கிடக்கிறாள், தாய் சமைக்கிறேல்லைப் போல”. பன்னிரண்டு வயதில் அவளை விறாந்தையில் கதிரையில் இருத்திவைத்து, “வாழைப்பழம் எண்டு சொல்லு பாப்பம்” என்று திரும்பத் திரும்பக் கேட்டுச் சுற்றி நின்று சிரித்தீர்கள். அவள் வாய்க்குள் நோர்வே மொழி புகுந்திருந்தது உண்மைதான். ஆனால் சிரித்த ஆட்களில் எத்தனை பேருக்கு அந்தச் சொல் ஒழுங்காக வந்தது? அதற்குப் பிறகு அவள் ஊரில் வாய் திறப்பதை நிற்பாட்டினாள். அதையும் விடவில்லை. “வெளிநாட்டுப் பிள்ளை, பெருமை” என்று அதற்கும் ஒரு பெயர் வைத்தீர்கள்.

பிள்ளையின் நெஞ்சு அடிப்பதற்கு நீங்கள் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வைத்தியரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் பங்கை நான் கழித்து எழுதப்போவதும் இல்லை.

அவள் குளிசை எடுக்கிறாள். வைத்தியரிடம் போய்க் கதைக்கிறாள். ஒரு வருடம் வீட்டில் இருந்தவள் மெல்ல மெல்லக் கடைக்குள் போனாள், பஸ்ஸில் ஏறினாள், போன வருடம் படிப்புக்கே திரும்பிப் போனாள். இதுதான் உங்கள் மண்டைப் பிழை.

3

மாப்பிள்ளை அன்ரன் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவன். இலுப்பைக்கடவைப் பக்கம் படகு எஞ்சின் திருத்துகிறான். மெலனி அவனைச் சந்தித்தது மடு மாதா கோயிலில், ஆவணித் திருவிழாவில். சனத்துக்குள் நிற்க முடியாமல் அவள் கூடாரங்களுக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கிக்கு அருகே போய்க் குந்தியிருந்தாள். அவன் தண்ணீர் பிடிக்க வந்தவன். என்ன செய்கிறது என்று கேட்டான். அவள் உள்ளதைச் சொன்னாள். “என்ர அண்ணைக்கும் இப்பிடித்தான். சண்டை முடிஞ்சு தடுப்பு முகாமில இருந்து வந்தாப் பிறகு” என்றானாம். வேறு ஒன்றும் சொல்லாமல் வாளியை வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி இருந்தானாம். கலியாணத்துக்குப் பிறகு அவன் இங்கே வருவதா அவள் அங்கே போவதா என்று இரண்டு பேரும் இன்றுவரை சண்டை பிடிக்கிறார்கள். விசாவுக்காக விசரியைக் கட்டுகிறான் என்று சொன்னவர்கள் அந்தச் சண்டையை ஒருமுறை கேட்டிருக்கவேண்டும்.

ஆக, கட்டப்போகிறவனுக்கு எல்லாம் தெரியும். ஊருக்கு எப்படித் தெரிந்தது?

என் கணவர்தான் வாசலைத் திறந்துவிட்டவர். மெலனி வீட்டோடு கிடந்த வருடத்தில் மனம் தாங்காமல் தன் அக்காவுக்குப் போன் பண்ணி, மடு மாதாவுக்கு நேர்த்தி வைக்கச் சொன்னார். நேர்த்தி வைப்பதென்றால் எதற்கென்று சொல்லவேண்டும்தானே. சொல்லிவிட்டார். அந்த அக்கா, எனக்கு மெற்றில்டா மச்சாள், நேர்த்தி வைத்தார், மடு மண்ணும் ஒரு பொட்டலம் அனுப்பினார், தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தால் குளிசை தேவையில்லை என்று சொல்லியும் அனுப்பினார். மெலனி அந்த மண்ணைக் குடிக்கவில்லை. தன் அறை யன்னலில் ஒரு சின்னப் போத்தலில் போட்டு வைத்திருக்கிறாள். மாதாவோடு அவளுக்கு ஒரு கோபமும் இல்லை.

மச்சாளின் வீடு எங்கள் கோயிலுக்கு நேரே எதிரில். அவருக்கும் ஒரு மகள், டிலானி. மெலனியை விட இரண்டு வயது இளையவள். சின்ன வயதில் இரண்டு பேரும் கடற்கரையில் நண்டு துரத்தியவர்கள். போன நாலைந்து வருடமாக மச்சாள் எனக்குப் போன் எடுத்தால் டிலானி புராணம்தான். “என்ர பிள்ளை வாசலுக்கும் போகாது. அயலட்டைக்கு அவளின்ர குரல் கேளாது. ரெலிபோனும் தொடமாட்டாள்.” இரண்டாம் முறை ஏ.எல். சோதனைக்குப் போகவில்லை என்றதையும் பெருமையாகத்தான் சொன்னார். “படிச்சு என்னத்த? வீட்டுக்கு அடக்கமா இருக்கிறாள், அது போதும்.” அதைச் சொல்கிறபோது மெலனியை ஒரு குத்துக் குத்துகிறார் என்று எனக்குத் தெரியும். டிலானி என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வந்தது. பாவம், அந்தப் பிள்ளை ஒரு சொல்லும் சொன்னதில்லை.

4

பரீதா சொன்னதற்குப் பிறகு யார் போய்ச் சொன்னது என்று கண்டுபிடிக்கப் பெரிய துப்பறிதல் தேவைப்படவில்லை. மச்சாளுக்கு எடுத்தேன்.

“ஓம், நான்தான் சொன்னனான்” என்றார். ஒளிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கொதித்தது. “சுவாமி தடை தெரிஞ்சவை சொல்லக் கடமைப்பட்டவை எண்டு வாசிச்சவர். தெரிஞ்சுகொண்டு பேசாமல் இருந்தா எனக்குத்தானே பாவம்? அதோட நான் நன்மை எடுக்கிற ஆள், பாவத்தோட நற்கருணை வாங்கேலுமோ?”

“மச்சாள், அவள் உங்கட தம்பியின்ர பிள்ளை.”

“அதாலதான் சொன்னனான். வேற ஆற்றையும் பிள்ளை எண்டா எனக்கென்ன? நாளைக்கு அங்க போய் ஏதும் நடந்தால் அன்ரன்ர தாய் வந்து எங்கட வாசல்ல நிண்டு மண்ணள்ளித் தூத்தமாட்டாவோ?”

“அன்ரனுக்குத் தெரியும். தாய்க்கும் தெரியும்.”

“தெரிஞ்சும் எடுக்கினமெண்டா அதில ஏதோ இருக்கு.”

இந்த வாய்க்கு என்ன பதில் சொல்வது? தெரியாவிட்டால் மறைத்தோம் என்பார்கள், தெரிந்தால் அதில் ஏதோ இருக்கிறது என்பார்கள். நான் சொல்லக்கூடாத சில சொற்களைச் சொன்னேன். அவற்றை இங்கே எழுதவில்லை. ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை.

பங்குச் சுவாமி எடுத்தார். இளம் ஆள், பண்பான குரல்.

“அக்கா, குளிசை எடுக்கிறது தடை இல்லை. அதை நான் அவவுக்கும் சொல்லிப்போட்டன். நீங்கள் பயப்பிடாதேங்கோ” என்றார்.

“அப்ப நல்லது ஃபாதர்.”

“ஆனாலும் சனம் கதைக்குது. டொக்டரிட்ட ஒரு கடிதம் எடுத்து அனுப்பினீங்களெண்டால் நல்லம். கலியாணத்தையும் இங்க வைக்காமல் மடுவில ஒரு கிழமை நாளில, சத்தமில்லாமல்...”

“சத்தம் போட்டது நாங்களா ஃபாதர்?”

 மூன்றாம் ஓலையை வாசிப்பதாக மட்டும் சொன்னார். அவரை நான் குறை சொல்லவில்லை. குறை சொல்லாமல் இருக்கிற அளவுக்கு மட்டும்தான் அவர் நல்லவர்.

5

அந்த வாரமே மெலனி வைத்தியரிடம் போய்த் தான் கலியாணத்துக்காக இலங்கைக்குப் போவதாகச் சொன்னபோது, அந்தக் கந்தோரில் பதிவு எழுதுகிற பெண் வேறொரு பெண்ணைக் கூட்டிவந்தாள். கட்டாயக் கலியாணங்களைக் கவனிக்கிறவளாம். மெலனியை இருத்தி மெதுவான குரலில், விமான நிலையத்தில் யாரிடம் உதவி கேட்கலாம் என்று விளக்கினாளாம். மெலனி அவனைத் தானே தெரிந்தெடுத்ததாகச் சொன்னாள். “அப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள்” என்று அந்தப் பெண் தலையை ஆட்டினாளாம்.

வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஊரில் இவளை யார் கட்டுவான் என்கிறார்கள், இங்கே இவளை யார் கட்டவைக்கிறான் என்கிறார்கள். இவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிற ஆளை இரண்டு நாட்டிலும் விரல்விட்டு எண்ணலாம்.

என் கணவர் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. தன் வாயால் வந்த வினை என்று அவருக்குத் தெரியும். “ஊர்க் கோயில் வேண்டாம். இங்கயே ஒரு மண்டபத்தில வைப்பம். ஊர்ப்பக்கமே தலை வைக்கவேண்டாம்” என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன். உங்களுக்குச் சாப்பாடு போட்டு, உங்கள் கையால் பூத் தூவிக்கொள்ள எனக்கு ஆசை இருக்கவில்லை.

மெலனி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்பா, மூண்டாவது ஓலைக்கு நான் போறன்” என்றாள்.

“எங்க?”

“எங்கட கோயிலுக்கு. அண்டைக்கு அங்க இருக்கப்போறன்.”

“பொம்பிளை ஓலைக்குப் போறேல்லை, பிள்ளை.”

“ஏன் போறேல்லை?”

 அவர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

எனக்கு வந்தது பெருமை இல்லை, பயம். பாண் கடைக்குள் போக முடியாமல் நின்ற பிள்ளை. அந்தக் கோயிலில் ஞாயிறு பூசைக்கு நிற்க இடம் இருக்காது. எல்லாக் கண்ணும் அவள் மேல்தான் இருக்கும், கை நடுங்குகிறதா என்று பார்ப்பதற்காகவே வருவார்கள். அங்கே அவளுக்கு மூச்சு அடைத்தால் மச்சாள் சொன்னது உண்மை என்று ஆகிவிடும். கலியாணம் நின்றாலும் பரவாயில்லை. மூன்று வருடமாக அங்குலம் அங்குலமாக எழும்பி வந்தவள் மறுபடி அறைக்குள் போய்ப் படுத்தால் அவளை நான் எப்படி எழுப்புவேன்? இதைத்தான் அவளிடம் கேட்டேன்.

“எனக்கும் பயம்தான் அம்மா” என்றாள். “ஆனா நான் இல்லாத இடத்தில என்னைப் பற்றிக் கதைக்கிறதுதான் கூடப் பயம்.”

தொழிற்சாலையில் லீவு கேட்டேன். மேற்பார்வையாளர் ஏன் என்று கேட்டார். மகளின் கலியாணத்துக்கு என்றேன். கலியாணம் அடுத்த மாதம் அல்லவா என்றார். கலியாணத்தைப் பற்றி அறிவிப்பு வாசிக்கிறார்கள், அதற்குப் போகிறோம் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. விளக்க எனக்கும் பொறுமை இருக்கவில்லை.

6

ஞாயிறு காலை அன்ரன் எங்களை வாகனத்தில் கொண்டுவந்து கோயில் வாசலில் இறக்கினான். அவன் முகம் பிள்ளையின் முகத்தை விட வெளுத்திருந்தது. நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். படுக்கையில் கிடந்த வருத்தக்காரர்கூட எழும்பி வந்திருந்தீர்கள். நாங்கள் பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் போய் இருந்தோம். முதுகில் உங்கள் கண்கள் குத்தியது எனக்கே தெரிந்தது. மெலனி கடல்நிறச் சேலை கட்டியிருந்தாள். சேலை கட்டத் தெரியவில்லை என்று பின்னால் யாரோ குசுகுசுத்தார்கள். அந்தச் சேலையைக் கட்டிவிட்டது நான்தான். ஊரில் பிறந்து வளர்ந்த நான்.

பிரசங்கம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு மாறியது. மடியில் கை நடுங்கத் தொடங்கியது. என் கையைப் பிடித்தாள், பிறகு விட்டாள். எழும்பிப் பக்கக் கதவால் வெளியே போனாள். கோயில் முழுக்கத் தலைகள் திரும்பின. சுவாமி ஒரு வசனத்தை இரண்டுமுறை சொன்னார். நான் எழும்பப் பார்த்தேன். என் கணவர் ஆண்கள் பக்கத்தில் இருந்து என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். அந்த மனுசன் இந்தப் பிறவியில் எனக்குச் சொன்ன புத்திமதிகளில் அது ஒன்றுதான் சரியானது. அதற்குள்ளே நான் மாதாவோடு சண்டை பிடித்தேன், உங்களைச் சபித்தேன், நோர்வேயைச் சபித்தேன், விட்டு வைத்த ஆள் ஒருவரும் இல்லை.

நன்மை கொடுத்து முடிந்து சுவாமி அறிவித்தல்களுக்கு வந்தார். அவர் பேப்பரை எடுக்கும்போது மெலனி பக்கக் கதவால் திரும்ப உள்ளே வந்தாள். முகம் கழுவியிருந்தாள், சேலைக் கரையில் மணல். மெதுவாக நடந்து வந்து தன் இடத்தில் இருந்தாள். கை இன்னும் நடுங்கியது. அதை மறைக்கவில்லை.

அன்ரனின் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர். மெலனியின் பெயர், எங்கள் பெயர்கள். மூன்றாம் முறை, கடைசி முறை. தடை தெரிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று வாசித்துவிட்டுச் சுவாமி நிமிர்ந்து பார்த்தார். ஒருவரும் தலையை ஆட்டவில்லை, இருமவும் இல்லை.

பூசை முடிந்து வெளியே வேப்பமரத்தின் கீழே ஆட்கள் குந்துகிற நீள வாங்கில் மெலனி போய் இருந்தாள். நீங்கள் போகவில்லை. சாரி நன்றாக இருக்கிறது, எப்போது வந்தீர்கள் என்று ஆளுக்கொன்று கேட்டபடி சுற்றி நின்றீர்கள். மெற்றில்டா மச்சாளும் வந்தார்.

“பிள்ளை, மாமி உன்ர நன்மைக்குத்தான் சொன்னனான். மனசில வைச்சிருக்காத” என்றார்.

மெலனி கைப்பையைத் திறந்து குளிசைப் பட்டையை எடுத்தாள். எல்லோரும் பார்க்க, ஒன்றை உடைத்து உள்ளங்கையில் வைத்தாள். பிறகு அந்த நோர்வேக்காரத் தமிழில், நீங்கள் சுற்றி நின்று சிரித்த அதே தமிழில் கேட்டாள்.

“மாமி, இது குடிக்கிற நேரம். கொஞ்சம் தண்ணி தாங்கோ.”

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. தண்ணீர் கேட்கிற பிள்ளைக்கு, அதுவும் கோயில் வாசலில், மறுக்க முடியுமா? மச்சாள் தெருவுக்கு எதிரே தன் வீட்டைப் பார்த்துக் கத்தினார். “டிலானி, ஒரு கிளாசில தண்ணி கொண்டுவந்து கேற்றில வை.”

கேற்றில் வைக்கத்தான் சொன்னார். கேற் திறந்தது. டிலானி கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தாள். அவளை நான் கண்டு நாலு வருடம் இருக்கும். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து, யாரையும் பாராமல் கிளாசை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள். அரைவாசித் தண்ணீர் வழியிலேயே சிந்திவிட்டது. அவள் நீட்டிய கையைப் பார்த்தேன். எனக்கு அந்தக் கையைத் தெரியும். பாண் கடைக் கதவில் நான் பார்த்த கைதான் அது. வாசலுக்கும் போகாத பிள்ளை, குரல் கேளாத பிள்ளை, அடக்கமான பிள்ளை என்று வருடக்கணக்காக எனக்குச் சொல்லப்பட்டது இதுதான்.

மெலனி குளிசையை வாயில் போட்டு மீதித் தண்ணீரைக் குடித்தாள். டிலானி கிளாசைத் திருப்பி வாங்கவில்லை. அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இதைக் குடிச்சா கை நடுங்கிறது நிக்குமா?” என்று கேட்டாள்.

சின்னக் குரல்தான். ஆனால் அங்கே நின்ற எல்லோருக்கும் கேட்டது. நீங்களும் கேட்டீர்கள், இல்லை என்று சொல்லாதீர்கள்.

“உடன நிக்காது. கொஞ்சம் கொஞ்சமா” என்றாள் மெலனி. “முதல்ல டொக்டரிட்டப் போய்க் கதைக்கவேணும். மன்னார் ஆசுபத்திரியில பாக்கலாம். நான் வாறன், ரெண்டு பேருமாப் போவம்.”

மச்சாள் தன் வீட்டுக் கேற்றைப் பார்த்தார், பிறகு சுற்றி நின்ற உங்களைப் பார்த்தார். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. இன்னும் வரவில்லை. ஆனால் அவர் எதற்குப் பயந்து யாருடைய வீட்டைக் காட்டிக்கொடுத்தார் என்பது அந்த இடத்தில் விளங்கியது.

“உள்ளுக்குப் போடி” என்றார்.

டிலானி போகவில்லை. மெலனி சேலையை ஒதுக்கிக்கொண்டு வாங்கில் கொஞ்சம் தள்ளி இருந்து, அவளுக்கு இடம் விட்டாள்.